உள் டயர்

சிவப்பு மெஷின் சின்னது, நீல மெஷின் பெரியது, நடுவில் இருந்ததற்கு நிறமென்று சொல்ல ஒன்றுமில்லை, துலக்காத அலுமினியக் குண்டான் மாதிரி உட்கார்ந்திருந்தது. நாமக்கல் சேலம் ரோட்டில் இருந்த அந்த உதிரிபாகக் கடைக்குள் நுழைந்ததிலிருந்து நாச்சிமுத்து இந்த மூன்றையும்தான் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். லாரி டயருக்குக் காற்றடிக்கிற மெஷின். கையில் தூக்கிக்கொண்டு போகலாம், பேட்டரியில் கிளிப்பை மாட்டினால் ஓடும், விலையும் கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். பெண் பார்க்கப் போன அன்றுகூட அவர் இவ்வளவு நேரம் யோசித்ததில்லை. தங்காயி காப்பித் தட்டோடு வந்து ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள், இவர் சரியென்று எழுந்துவிட்டார். இந்த மூன்றும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைக்காரி சுகந்தி கல்லாவுக்குப் பின்னால் நின்று என்னவோ விளக்கிக்கொண்டிருந்தாள். அவள் இவர் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவரை தேவலை. பேச்சுக்கு நடுவில் அலமாரிப் பக்கம் திரும்பி எதையாவது எடுப்பாள், அப்போது பாதிப் பேச்சு அலமாரிக்குப் போய்விடும். "சின்னது காருக்குத் தானுங்க, லாரி டயருக்கு மாட்டுனா சூடாகி..." என்று ஆரம்பித்தது தெரிந்தது. சூடாகி என்ன ஆகும், நின்றுவிடுமா, கருகிவிடுமா, அதை அவள் டப்பாக்களிடம் சொல்லிவிட்டாள். மெல்லிய குரல் வேறு. ஆம்பிளைக் குரல் என்றால் அடித்தொண்டையிலிருந்து கொஞ்சமாவது வந்து சேர்கிறது, பொம்பிளைக் குரல் சல்லடையில் விட்ட தண்ணீராகப் போகிறது. நாச்சிமுத்து தலையை ஆட்டினார். இந்த ஒரு வருஷத்தில் அவருக்கு நன்றாகப் படிந்துவிட்ட பழக்கம் அது. யார் எது சொன்னாலும் பாதி யோசனையும் பாதிச் சிரிப்புமாகத் தலையை ஆட்டுவது. ஊரில் அவருக்குப் பெரிய பொறுமைசாலி என்று பெயர்கூட வந்துவிட்டது.

சென்னியப்பன் பக்கத்தில் வந்து நின்றான். தங்காயியின் தம்பி, வண்டிக்கு இரண்டாவது டிரைவர். எப்போதும் இடது பக்கமாகத்தான் வந்து நிற்பான், வண்டியில் இடது சீட்டிலேயே உட்கார்ந்து பழகியவன், அதனால் இருக்கும் என்று நாச்சிமுத்து நினைத்துக்கொள்வார். "ஏன் மாமா, நம்ம வண்டியில பிரேக்குக்குக் காத்து டேங்கு இருக்குது. அதுல ஓஸ் மாட்டுனா காத்து வந்துட்டுப் போவுது. ஊருல பாதி லாரிக்காரன் அப்படித்தானுங்களே அடிக்கறான்? இதெதுக்கு இப்ப வெட்டிச் செலவு?" அவன் கேட்டது நியாயம். நியாயமாகக் கேட்கிறவர்களைக் கண்டாலே நாச்சிமுத்துவுக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. "பிரேக் காத்துல தண்ணி சேரும் மாப்ள" என்றார். அது உண்மைதான், ஆனால் காரணம் அதுவல்ல. காரணம் மெஷினே அல்ல. மெஷின்மேல் ஒட்டிக்கொண்டு வருகிற அந்த வட்டமான கேஜ்தான், முள் ஆடி எத்தனை பவுண்டு காற்று என்று காட்டுமே, அது. கேஜ் தனியாகவும் கிடைக்கிறது, அதோ சுகந்தியின் தலைக்குமேல் ஆணியில் கொத்தாகத் தொங்குகிறது, விலை இந்த மெஷினுக்கு முன்னால் கால் தூசி பெறாது. ஆனால் நாச்சிமுத்து கேஜ் வாங்கினான் என்றால் சங்ககிரி வரைக்கும் லாரி உலகமே சிரிக்கும். வாளையார் செக்போஸ்டில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது, "நாச்சிண்ணா, நம்மளதையும் ஒரு தட்டுத் தட்டிட்டுப் போங்க" என்று கூப்பிடுவார்களே, அந்த நாச்சிமுத்து. இரும்பு லிவரை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று நடப்பார். டயரில் ஒரு தட்டு. காற்று சரியாக இருந்தால் டொங்கென்று கோயில் மணியின் கடைசி அதிர்வு போல ஒரு சத்தம் எழும்பும். குறைந்திருந்தால் பொத்தென்று விழும். அந்த டொங்குக்கும் பொத்துக்கும் நடுவில் எத்தனையோ படிகள் உண்டு, அத்தனையும் அவர் காதுக்குத் தெரியும். பின்னால் இடது பக்கம் உள் டயரில் கொஞ்சம் குறைச்சல், அடுத்த பெட்ரோல் பங்கில் பார்த்துக்கோ என்பார். பார்த்தால் அப்படியே இருக்கும். அப்பேர்ப்பட்டவன் கேஜ் வாங்கினால் எதற்கு என்று கேட்பார்கள். மெஷின் வாங்கினால் யாரும் கேட்க மாட்டார்கள், மெஷினோடு கேஜ் தானாக வருகிறது, நான் என்ன செய்ய? எத்தனையோ ராத்திரி புரண்டு புரண்டு படுத்துக் கண்டுபிடித்த யோசனை இது. மாப்பிள்ளை பிரேக் டேங்க் என்ற ஒரே வார்த்தையில் அதை உடைக்கப் பார்க்கிறான்.

சத்தம் ஒரே நாளில் போய்விடவில்லை. போயிருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார், வைத்தியம் பார்த்திருப்பார், ஊருக்கும் சொல்லியிருப்பார். அது தினமும் கொஞ்சமாக, தெரியாமல் போயிற்று. முதலில் வலது காது. எத்தனை வருஷம் ஜன்னல் பக்கம் காற்றையும் எதிர் பஸ்ஸின் ஹாரனையும் வாங்கின காது, அதைக் குறை சொல்ல முடியாது. அப்புறம் இடதும் மந்தப்பட்டது. டொங் மெல்ல மெல்லச் சப்பென்று ஆகி, ஒருநாள் எல்லா டயரும் பொத்தென்றே பேசியது. எல்லா டயரிலும் காற்று இறங்கியிருக்க முடியாதே என்று அவர் லிவரைத்தான் சந்தேகப்பட்டார். புது லிவர்கூட வாங்கிப் பார்த்தார். மனுஷனுக்குத் தன்மேல் சந்தேகம் வருவதற்குமுன் எத்தனை சாமான் மேல் சந்தேகம் வருகிறது! பிறகு ஒரு வித்தை பழகிக்கொண்டார். காதை விட்டுவிட்டுக் கையை நம்புவது. கல்லுப் போல் இருக்கிற டயர் லிவரை உதறித் தள்ளும், உள்ளங்கையில் அந்த உதறல் தெரியும். தொய்ந்த டயர் லிவரை வாங்கிக்கொள்ளும். வெளிப்பக்கத்து டயர்களுக்கு இந்தக் கணக்கு சரியாகவே வந்தது. பின்னால் ஜோடி ஜோடியாக இருக்கிறவற்றில் உள்பக்கம் ஒளிந்திருக்கிற டயரின் கதைதான் வேறு. சந்துக்குள் லிவரின் நுனி மட்டும்தான் போகும், வீசி அடிக்க இடமில்லை, உதறல் கைக்கு வந்து சேராது. உள் டயரைக் காதால் மட்டும்தான் பிடிக்க முடியும். நாச்சிமுத்து அங்கே ஒரு தட்டுத் தட்டுவார், முகத்தை யோசிப்பது போல் வைத்துக்கொள்வார், சரியாத்தான் இருக்குது என்பார்.

சரியாத்தான் இருக்குது. போன வாரமும் அதையேதான் சொன்னார். தாவணகெரேயில் மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு வருகிற வழியில் கிருஷ்ணகிரியில் டீக்கு நிறுத்தி, லிவரோடு ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து உட்கார்ந்தால், சென்னியப்பன் அதே லிவரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். அவன் அப்படிச் செய்வது கொஞ்ச நாளாகவே இவர் கண்ணில் பட்டிருந்தது. இவர் தட்டிவிட்டு வந்தபிறகு ஒன்றுக்குப் போகிற மாதிரி எழுந்து போவான், வண்டிக்குப் பின்னால் அவன் கால் தெரியும், ஒவ்வொரு சக்கரத்திடமும் நின்று நின்று நகரும். என்ன பார்க்கிறான்? எதைத் தேடுகிறான்? மாமனுக்கு வயசாகிவிட்டது, வண்டியை நம்மிடம் விட்டால் தேவலை என்று தங்காயியிடம் ஓதப்போகிறானா? அன்றைக்கு அவருக்குத் தாங்கவில்லை. டீக்கடை முன்னாலேயே, "ஏன்டா, நான் பாத்ததையே நீ மறுக்கா பாக்கறியா? இந்தத் தொழில்ல நீ என்னைய டெஸ்ட் பண்ற அளவுக்கு வந்துட்டியா?" என்று கத்திவிட்டார். ஏகப்பட்ட பேர் திரும்பிப் பார்த்தார்கள். சென்னியப்பன் லிவரை வைத்துவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டான். அப்புறம் தருமபுரி, அப்புறம் தொப்பூர் இறக்கம். இறக்கத்தில் பாதியில், நாச்சிமுத்து நல்ல நிதானத்தில் இரண்டாவது கியரில் வண்டியைப் பிடித்துக்கொண்டு போகிறார், சென்னியப்பன் திடீரென்று அவர் தோளைப் பிடித்து உலுக்குகிறான், வாயைப் பெரிதாகத் திறந்து எதையோ சொல்கிறான், ஓரம், ஓரம் என்கிறான். உள் டயர் வெடித்திருக்கிறது. குண்டு வெடிப்பது போல் வெடித்திருக்கும், இறக்கத்தில் முன்னால் போன கார்க்காரன்கூட நிறுத்திவிட்டு இறங்கி வந்துவிட்டான். நாச்சிமுத்துவுக்கு மட்டும் அது எங்கேயோ கதவு சாத்தின மாதிரி இருந்தது. "வேற யார்ரதோன்னு நெனச்சேன்" என்று சமாளித்தார். சென்னியப்பன் அவர் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு ஜாக்கியை எடுக்கப் போனான். அந்தப் பார்வை இருக்கிறதே, அதுதான் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. ஜோடி டயர் தாங்கியது, பிழைத்தோம். முன் டயராக இருந்திருந்தால்? அந்தக் கார்க்காரனின் வண்டியில் பின் சீட்டில் ஒரு குழந்தை ஜன்னலில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு தூங்கியது. ஸ்டியரிங்கை விட்டுவிட வேண்டியதுதானே என்று ஒரு மனசு சொல்கிறது. விட்டுவிட்டு? வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு போகிற வருகிற லாரியை எல்லாம் எண்ணவா? வண்டி ஓட்டாத நாச்சிமுத்து யார் என்று அவருக்கே தெரியாது. அந்த ஆளை அவர் பார்த்ததே இல்லை. பார்க்கவும் பயமாக இருக்கிறது.

"முள்ளு கேஜா, நம்பர் காட்டறதா?" என்று கேட்டார், கொஞ்சம் அவசரமாகவே. சுகந்தி ஏற்கெனவே அதைச் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் அவள் புருவத்தைத் தூக்கிவிட்டு மறுபடி சொன்னாள். இந்தமுறை அவர் அவள் வாயையே பார்த்தார். சிவப்பில் நம்பர், நீலத்தில் முள், குண்டானில் சின்ன முள். சிவப்பின் நம்பர் பளிச்சென்று இருக்கிறது, விலையும் கம்மி, ஆனால் லாரி டயரைப் பார்த்தாலே மூச்சு வாங்கிவிடும். நீலம் கார், லாரி என்று இரண்டு பேட்டரி வோல்டேஜுக்கும் தாங்கும், இரட்டைச் சிலிண்டர், ஆனால் விலையைக் கேட்டால் இவருக்கு மூச்சு வாங்கும். அப்படியானால் குண்டான். குண்டானில் முள் எவ்வளவு சின்னது, மத்தியான வெயிலில் ஒழுங்காகத் தெரியுமா? தங்காயி என்ன சொல்வாள்? ஒன்றும் சொல்ல மாட்டாள். அவள் ரொம்ப மாறிவிட்டாள். முன்னெல்லாம் அடுப்படியிலிருந்தே கத்துவாள், இப்போது பக்கத்தில் வந்து தோளைத் தொட்டபிறகுதான் பேசுகிறாள். வயசானால் பொம்பிளைகளுக்கு இப்படி ஒரு பிரியம் வரும் போலிருக்கிறது என்று அவருக்குள்ளே ஒரு சந்தோஷம்கூட இருந்தது. ரோட்டுக்கு எதிர்ப்புறம் பஞ்சர் கடையில் அவருடைய வண்டி ஒருபக்கம் தூக்கி நின்றது. புது உள் டயரை மாட்டிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் லோடு. சாயங்காலத்துக்குள் ஒன்றை எடுத்தாக வேண்டும். எடுத்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும், டயரைத் தட்டுவது போல் தட்டிவிட்டுப் பிறகு சும்மா ஒரு காற்றடிக்கிற சாக்கில் முள்ளைப் பார்த்துக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது, ஹாரன் மட்டும்தான் பாக்கி, ஹாரனுக்குக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டால் போகிறது, கண் நன்றாகத்தானே இருக்கிறது.

சுகந்தி கல்லாவை விட்டு வெளியே வந்தாள். வாசலில் ஒரு பழைய லாரி டயர் ரிம்மோடு சாய்த்து வைத்திருந்தது, பக்கத்தில் இரண்டு பேட்டரி. ஓட்டியே காட்டிவிடுகிறேன் என்று கையால் சொன்னாள். நாச்சிமுத்துவுக்கு அது பிடித்திருந்தது, கண்ணால் பார்ப்பது நல்லது. முதலில் சிவப்பை மாட்டினாள். ஓடுகிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை, அதனால் குனிந்து ஆராய்வது போல் அதன் முதுகில் கையை வைத்தார். உள்ளங்கை குறுகுறுத்தது. ஓடுகிறது. "பரவால்லீங்க" என்றார். அதை நிறுத்தினாள், கையில் குறுகுறுப்பு நின்றது, கையை எடுத்தார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்தது குண்டான். கிளிப்பை மாட்டினாள், ஸ்விட்சைத் தட்டினாள், கொஞ்சம் பின்னால் நகர்ந்து நின்றாள். தூரத்தில் எங்கோ மாவு மில் ஓடுகிற மாதிரி ஒரு சின்ன இரைச்சல் அவருக்குக் கேட்டது. கேட்டது! காதால் கேட்டது. எத்தனை நாளாயிற்று இப்படி ஒரு மெஷின் தானாகக் காதுக்குள் வந்து! அவருக்கு உடம்பே லேசாகிவிட்டது. காது ஒன்றும் அவ்வளவு மோசமில்லை, சளி கட்டியிருக்கும், மனுஷன் வீணாகப் பயந்து சாகிறான். தட்டிக்கொடுப்பது போல் அதன் முதுகில் கையை வைத்தார், முள் அதுபாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. வெயிலிலும் நன்றாகவே தெரிந்தது. முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமலே சுகந்தியிடம் சொன்னார், ரொம்ப நாளைக்கப்புறம் பழைய நாச்சிமுத்துவின் தோரணையில், தொழில் தெரிந்தவன் பேசுகிற மாதிரி: "இதுதான் வேணும். சத்தமே இல்ல பாருங்க, என்ன அமைதியா ஓடுது."

சுகந்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள்.

அதை அவர் நிமிர்ந்தபோதுதான் பார்த்தார். எதிர்ப்புறம் பஞ்சர் கடைக்காரர் ஸ்பேனரும் கையுமாகத் திரும்பி முறைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து டீக்கடையில் ஒருத்தர் டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டுக் காதில் விரலை விட்டிருந்தார். ரோட்டில் போன பெண் முந்தானையை இழுத்துக் காதோடு பிடித்துக்கொண்டு வேகமாகத் தாண்டிப் போனாள். சுகந்தி காலாலேயே ஸ்விட்சைத் தட்டி அணைத்தாள். மாவு மில் நின்றது. எல்லோரும் காதிலிருந்து கையை எடுத்தார்கள். நாச்சிமுத்துவின் கை மட்டும் மெஷினின் முதுகிலேயே இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை. சுகந்தி அவரைப் பார்த்தாள், பிறகு சென்னியப்பனைப் பார்த்தாள், பிறகு எதையோ தேடுகிற மாதிரி மெதுவாகக் கடைக்குள் போய்விட்டாள். நல்ல பெண். ஆனால் அந்த நல்லதனமே சுட்டது. இப்போது சொல்லப்போகிறான், இந்த மாப்பிள்ளை, இத்தனை நாள் லிவரும் கையுமாகப் பின்னால் சுற்றிச் சுற்றிச் சேர்த்து வைத்த சாட்சி, இதோ நடு ரோட்டில் கிடைத்துவிட்டது, சாவியைக் கொடுங்க மாமா என்று கேட்கப்போகிறான்.

சென்னியப்பன் இடது பக்கமாக வந்தான். தோளைத் தொட்டான். தங்காயி தொடுகிற மாதிரியே தொட்டான். வாயைக் காதுக்குக் கிட்டத்தில் வைத்துச் சத்தமாகவே பேசினான்.

"மாமா, நீங்க தட்டிட்டு வந்தப்பறம் நானும் ஒரு சுத்துப் போவேனே, பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கறேன். என்னைய வேவு பாக்கறேன்னு நெனச்சேன்."

"உங்கள வேவு பாத்து நான் என்னத்தப் பண்ணப் போறேன்? உள் டயரு மட்டும் உங்களுக்குத் தப்புது, வெளி டயரு தப்பறதில்ல. அத நான் பாத்து காத்தடிச்சிட்டு வந்துருவேன். ஒரு வருஷமா அப்படித்தான ஓடுது." எதிர்ப்புறம் நின்ற வண்டியை ஒருதரம் பார்த்தான். "அன்னிக்கு நீங்க கத்துனீங்க. எனக்கும் ரோசம் வந்துருச்சு, போயி உக்காந்துட்டேன். நான் ஒரு சுத்துப் போயிருக்கோணும். அந்தப் புள்ள தூங்குனத நானும் பாத்தேன் மாமா."

நாச்சிமுத்து மெஷினைப் பார்த்தபடியே கேட்டார். "உங்க அக்காளுக்குத் தெரியுமா?"

"அக்கா சொல்லித்தான எனக்கே தெரியும்."

அடுப்படியிலிருந்து கத்தாத தங்காயி. தோளைத் தொட்டபிறகே பேசுகிற தங்காயி. இவர் அதைப் பிரியம் என்று நினைத்தார், பார்த்தால் பிரியமேதான். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எல்லோரிடமிருந்தும் ஒளித்துக்கொண்டு இத்தனை நாள் தலையை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது, அதைவிட அலுப்பாக இருந்தது, அதற்கும் அடியில், எங்கேயோ இறக்கி வைத்துவிட்ட மாதிரி ஒரு சுகமும் இருந்தது.

"மெஷினுதான் வாங்கோணும்னா," சென்னியப்பன் சிரிப்பை அடக்கிக்கொண்டு காதோரம் சொன்னான், "டயருக்கு எதுக்கு மாமா வாங்கறீங்க? காதுக்கு வாங்குங்க."

நாச்சிமுத்து அவனை முறைத்தார். பிறகு மெஷின் முதுகிலிருந்து கையை எடுத்து, சட்டைப் பையில் கிடந்த வண்டிச் சாவியை எடுத்து, அவன் கையில் அழுத்தி வைத்தார். "காது மெஷினு வர்ற வரைக்கும்" என்றார். அவன் வாங்கிக்கொண்டான். அவர் கடைக்குள் பார்த்துக் கூப்பிட்டார்: "ஏனுங் அம்மணி, இந்த மூணையும் எடுத்து உள்ள வெச்சிருங்க. அந்தா தொங்குதே, அதுல ஒரு கேஜ் குடுங்க."

ரோட்டைத் தாண்டும்போது சென்னியப்பன் அவர் வலது பக்கத்தில் நடந்தான், பஸ் வருகிற பக்கத்தில். பஞ்சர் கடையில் வண்டியை இறக்கிவிட்டிருந்தார்கள். நாச்சிமுத்து லிவரைத் தொடவில்லை. நேரே பின் சக்கரத்திடம் போய்க் குந்தி உட்கார்ந்து, இரண்டு டயருக்கும் நடுச்சந்தில் கையை முழுதாக விட்டு, உள் டயரின் வால்வைத் தடவிப் பிடித்து, கேஜை வைத்து அழுத்தினார். கசிந்த காற்று கட்டைவிரலில் சில்லென்று பட்டது. கையை வெளியே எடுத்து, ஏறின இடத்திலேயே நின்ற முள்ளைப் பார்த்தார்.

"நூத்திப் பத்து பவுண்டு, சரியாத்தான் இருக்குது" என்று சொன்னார். மாப்பிள்ளைக்கு மட்டும் கேட்டால் போதும் என்று மெதுவாகத்தான் சொன்னார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.